இரவல் வாங்காத குரல்

ஆண்டிபட்டி என்றதும் வெளியூர் அன்பர்கள் பலருக்குக் கைத்தறிச் சேலையும் வைகை அணையும் பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. முதலில் வருவது தேர்தல். அதற்குக் காரணமானவர் மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் என்னும் எம்.ஜி.ஆர். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று இவ்வூர் மக்கள் வாக்களித்தபோது, வேட்பாளர் கடல்களுக்கு அப்பால் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அந்தத் தேர்தலுக்கென ஒரு நாளும் அவர் இம்மண்ணை மிதிக்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. அவருக்குப் பதிலாக வந்தது தொகுக்கப்பட்ட ஒரு படம்.

அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள, அவருடைய வாழ்க்கையை அரசியல் மேடையிலிருந்து பார்ப்பதைவிடப் படத்தொகுப்பு அறையிலிருந்து பார்ப்பது பயனுள்ளது என்பது என் எண்ணம். அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். ஆயினும் படப்பிடிப்பு முடிந்தபின் நடைபெறும் வேலைகளோடு அவருக்கிருந்த உறவைப் பற்றி விரிவாகப் பேசியோர் குறைவு. வெட்டுதல், ஒட்டுதல், குரல் சேர்த்தல், இசை சேர்த்தல், பிரதி எடுத்தல் ஆகிய இவ்வேலைகளைச் செய்வோரின் பெயர்கள் திரையில் வரும்போது நாம் இருக்கை தேடிக்கொண்டிருப்போம். ஆனால் இவ்வேலைகளின் மதிப்பை அந்த நடிகர் நன்கறிந்திருந்தார்.

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை கோபால மேனன் காலமானபோது அவர் சிறு குழந்தை. தாய் சத்தியபாமா இரு மைந்தர்களையும் அழைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். வறுமை பள்ளியை விரைவில் மூடியது. அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். பி.யு. சின்னப்பாவும் அக்கம்பெனியில் வளர்ந்தவரே.

பாய்ஸ் கம்பெனி என்பது குரலை நம்பிய தொழில். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் கேட்கும்படி பேச வேண்டும், பாட வேண்டும். மகரக்கட்டு உடையும் வயதில் எத்தனையோ பையன்களின் எதிர்காலம் உடைந்தது. நேற்றுவரை கதாநாயகன், இன்று கூட்டத்தில் ஒருவன். குரல் என்பது ஒருநாள் கைவிட்டுவிடக்கூடிய சொத்து என்பதை அந்தச் சிறுவர்கள் இளமையிலேயே கண்டார்கள். எம்.ஜி.ஆரின் பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போவதில்லை.

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் ஒரு சிறிய போலீஸ் அதிகாரி வேடம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் திரைக்கு வந்த படமும் அதுவே. அதன்பிறகு பதினோர் ஆண்டுகள் சிறு வேடங்களிலேயே கழிந்தன. காரணம் எளிது. அது பாகவதரும் சின்னப்பாவும் கோலோச்சிய காலம். பாடத் தெரிந்தவனே கதாநாயகன். நம் நாயகரோ பாடகரல்லர்.

இந்தப் பூட்டைத் திறந்த சாவி ஒரு தொழில்நுட்பம். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1938லேயே ‘நந்தகுமார்’ படத்தில் கையாண்டு பார்த்திருந்தார். அம்முறை வேரூன்றியபின் வாள் வீசத் தெரிந்தவனும், வசனம் பேசத் தெரிந்தவனும் கதாநாயகனாக முடிந்தது. 1947இல் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய ஜூபிடரின் ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆர். கதாநாயகனானார். 1954இன் ‘மலைக்கள்ளன்’ தொடங்கி டி.எம். சௌந்தரராஜனின் குரல் அவர் உதட்டில் அமர்ந்தது. பாடுபவர் வேறு, நடிப்பவர் வேறு என்று சொன்னாலும் கிராமத்தில் நம்பமாட்டார்கள். பாட்டுக்கு இரவல் குரலை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டவர் அவர். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் பேச்சுக்கு இரவல் குரலை அவர் ஏற்கவில்லை என்பதே.

‘மந்திரிகுமாரி’, ‘மர்மயோகி’, ‘மதுரை வீரன்’, கேவா வண்ணத்தில் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகியவற்றை விரைந்து கடந்து 1958க்கு வருவோம். தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரட்டை வேடத்தில் தாமே நடித்த ‘நாடோடி மன்னன்’ அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று வெளிவந்தது. கையிலிருந்த பொருளையெல்லாம் அதில் போட்டிருந்தார். மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடும் அப்படத்தின் முற்பகுதி கறுப்பு வெள்ளை. பிற்பகுதியில் வண்ணம் வருகிறது. படப்பிடிப்பின்போது கதாநாயகி பானுமதிக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, பானுமதி விலகினார். எடுத்ததைத் தூக்கி எறியவும் முடியாது. இல்லாததைக் காட்டவும் முடியாது. கதையில் அந்தப் பாத்திரம் இறக்கும்படி செய்து, வண்ணப் பகுதியில் சரோஜாதேவியைக் கொண்டுவந்து இரண்டையும் இணைத்தார். இன்று படம் பார்ப்போர் கதையின் திருப்பம் என்றே எண்ணுகிறார்கள். அறுந்த பாவின் இழையைப் புரிபோட்டு, தறியை நிறுத்தாமல் நெசவைத் தொடரும் சக்கம்பட்டி நெசவாளரிடம் சொன்னால் அவருக்கு உடனே விளங்கும்.

இரட்டை வேடத்தின் வேலையும் சிறிதன்று. கண்ணாடிவில்லையின் ஒரு பாதியை மறைத்து மன்னனாக நடித்ததைப் படமாக்கி, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து நாடோடியாக நடிக்க வேண்டும். கருவி மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழும். இரு உருவங்களும் பேசிக்கொள்ளும்போது ஒருவரின் பேச்சுக்கும் மற்றவரின் மறுமொழிக்கும் இடையே எவ்வளவு மௌனம் விடுவது என்பதைத் தொகுப்பு மேசை தீர்மானிக்கும்.

கவிஞர்களாகிய நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள். ஓர் அடிக்கு 16 கட்டங்கள். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. மூவியோலா என்னும் சிறு கருவியில் படத்தையும் ஒலியையும் இணையாக ஓட்டிப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, கத்தரித்து, பசையிட்டு ஒட்டுவார்கள். ஒரு வாள்வீச்சில் நான்கு கட்டம் கூடினால் வீச்சு சோம்பிப் போகும். நான்கு குறைந்தால் கண்ணுக்கு எட்டாது. அசை எண்ணிச் சீர் பிரிப்பவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. எம்.ஜி.ஆரின் வாட்போர்கள் இன்றும் அலுக்காமல் இருப்பதில் அவர் உடலின் பயிற்சிக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி இந்தக் கட்டக் கணக்குக்கு. தாம் இயக்கிய படங்களில் இக்கணக்கை அவர் பிறரிடம் முழுதாக விட்டுவிடவில்லை. படத்தொகுப்பில் தேர்ந்த அறிவுடையவர் என்ற பெயர் அவருக்குத் தொழிலாளர் நடுவே இருந்தது. ஒரு காட்சி நிறைவளிக்காவிட்டால் மீண்டும் எடுக்கத் தயங்காதவர் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரைத் தயாரிப்பாளர்கள் அவ்வளவு மகிழ்ச்சியுடன் சொல்லவில்லை.

1967 ஜனவரி 12. இராமாவரம் தோட்ட இல்லத்தில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. மறுநாள் ‘தாய்க்குத் தலைமகன்’ வெளியாயிற்று. திரையரங்கில் கணீரென்று பேசியவர், மருத்துவமனையில் பேச்சிழந்து கிடந்தார். கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படம் தமிழகமெங்கும் சுவரொட்டியாயிற்று. பரங்கிமலைத் தொகுதியில் அவர் படுக்கையிலிருந்தபடியே வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அரசியல் நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். நமக்கு வேண்டிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. இடது செவியின் கேட்கும் ஆற்றல் போயிற்று. நாவின் தெளிவு குறைந்து, சில ஒலிகள் குழறின. ஐம்பது வயதில், வசனத்தால் வளர்ந்த ஓர் இயக்கத்தின் நட்சத்திர நடிகருக்கு நேர்ந்த கதி இது. சத்யா மூவிஸ் நிறுவனத்தின் ‘காவல்காரன்’ அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. எளிய தீர்வு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குரல்சேர்ப்பு என்பது சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் நன்கு பழகிய வேலை. காட்சியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதட்டசைவுக்கு ஏற்ப வேறொருவரைப் பேச வைக்கலாம். மொழிமாற்றுப் படங்களில் அன்றாடம் நடந்த காரியம் இது. அவருடைய பழைய குரலைப் போலப் பேசக்கூடிய ஒருவரைத் தேடினால் கிடைத்திருக்க மாட்டார் என்று சொல்வதற்கில்லை.

அவர் அதைச் செய்யவில்லை. தம் குழறும் குரலிலேயே பேசினார். 1967 செப்டம்பரில் வெளிவந்த ‘காவல்காரன்’ வெற்றி பெற்றது. மாநில அரசின் சிறந்த படத்துக்கான பரிசும் அதற்குக் கிடைத்தது. கூர்ந்து கேட்போருக்கு அப்படத்தில் இரு குரல்கள் கேட்கும். குண்டுக்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று. ஒரே பாத்திரம் ஓரிடத்தில் முழுக்குரலில் பேசுகிறது, வேறோரிடத்தில் காயம்பட்ட குரலில் பேசுகிறது. படத்தொகுப்பின் இலக்கணத்தில் இது பிழை. ஒட்டு தெரியாதிருப்பதே ஒட்டின் அழகு என்று அத்தொழில் கற்பிக்கும். இங்கே ஒட்டு தெரிந்தது. தெரியட்டும் என்று விடப்பட்டது. மக்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு பழகினார்கள், கடைசியில் அந்தக் குரலையே அவர் குரல் என்று கொண்டார்கள். அதன்பிறகு ‘அடிமைப்பெண்’, ‘மாட்டுக்கார வேலன்’, ‘எங்கள் தங்கம்’ என்று பத்தாண்டுகள் நாயகனாக நடித்தார். 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக அவருக்கு அறிவிக்கப்பட்டது. காயம்பட்ட குரலுக்கு அறிவிக்கப்பட்ட விருது அது.

இதனைத் தன்னம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள். வாக்கு வேண்டிய அரசியல்வாதியின் கணக்கு என்று வேறு சிலர் சொல்வார்கள். மேடையில் வேறு குரல், திரையில் வேறு குரல் என்றால் இரண்டும் ஒரே ஆள் என்ற நம்பிக்கை உடைந்திருக்கும் என்பது உண்மையே. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்த காரியத்துக்கும் துணிவு வேண்டும்.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்துக்காக 1970இல் ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களில் படப்பிடிப்பு நடந்தது. ஒசாகாவில் அப்போது நடைபெற்ற உலகக் கண்காட்சியும் படத்தில் பதிவாயிற்று. சுருள்கள் சென்னைக்கு வந்து, தொகுக்கப்பட்டு, இசை சேர்க்கப்பட்டு, பிரதியாக வெளிவருவதற்குள் மூன்றாண்டுகள் ஓடின. அதற்குள் 1972 அக்டோபரில் அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அதே மாதம் 17ஆம் நாள் அ.தி.மு.க.வைத் தொடங்கிவிட்டார். ஆளுங்கட்சி இப்போது எதிர்ப்பக்கம். மூல நெகட்டிவ் என்பது ஒன்றுதான். அது எரிந்தாலோ காணாமற்போனாலோ, பல நாடுகளில் எடுத்ததை மறுபடி எடுப்பது இயலாத காரியம். அந்த நெகட்டிவை எங்கே வைத்தார், பிரதிகளை எப்படி எடுத்தார் என்று பல கதைகள் உலவுகின்றன. அவற்றில் எதையும் நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை, கேட்க எல்லாமே சுவையானவை என்றாலும். 1973 மே 11 அன்று படம் வெளிவந்தது. சுவரொட்டிக்குத் தடங்கல் நேர்ந்ததால் கையளவு ஒட்டுத்தாள்களே விளம்பரமாயின. ஒன்பது நாள் கழித்துத் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் வென்றார்.

1977 ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். பந்துலு தொடங்கி, அவர் மறைந்தபின் எம்.ஜி.ஆர். தாமே இயக்கி முடித்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978 பொங்கலுக்கு வந்தது. அகிலனின் ‘கயல்விழி’ நாவலைத் தழுவிய படம். நாயகனாக அவர் நடித்து வெளியான கடைசிப் படம் அது. அவர் கோட்டைக்குள் நுழைந்த அதே 1977இல்தான் நம் பள்ளத்தாக்கின் அல்லிநகரத்தார் பாரதிராஜா ‘16 வயதினிலே’ எடுத்தார்; அதற்குப் பண்ணைப்புரத்து இளையராஜா பின்னணி இசை சேர்த்தார். ஒலியின் வரலாற்றில் ஒரு கதவு சாத்திய ஆண்டில் மற்றொரு கதவு திறந்தது என்று இவ்வட்டாரத்தார் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

1984 அக்டோபர் 5 அன்று உடல்நலம் குன்றிச் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதம் பேச்சைப் பறித்தது. மாத இறுதியில் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். நவம்பர் 5 அன்று எம்.ஜி.ஆர். அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒருசேரத் தேர்தல் வந்தது. அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆண்டிபட்டி அவருடைய தொகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு முன் 1980இல் இத்தொகுதி தேர்ந்தெடுத்தவரும் ஒரு நடிகர்தான், இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராஜேந்திரன்.

அவர் உயிருடன் இல்லை என்ற பேச்சு பரவியது. எதிர்க்கட்சிகள் உண்மை நிலையைக் கேட்டன, கேட்டதில் தவறில்லை. விடையாக வந்தது ஓர் ஒளிநாடா. புரூக்ளின் மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். உணவருந்துகிறார், செய்தித்தாள் பார்க்கிறார். வீடியோ என்பதே புதுமையாக இருந்த காலத்தில், தமிழகத்து ஊர்களில் அது திரையிடப்பட்டது. திரையில் அவர் முகத்தைக் கண்டு அழுதவர்கள் ஏராளம்.

அந்தப் படம் பொய்யா? பொய்யில்லை. அவர் உயிரோடு இருந்தார், உண்டார். முழு உண்மையா? அதுவுமில்லை. எது வைக்கப்பட்டது என்பதைப் பார்த்தவர் அறிவர். எது வெட்டப்பட்டது என்பதை மேசையில் இருந்தவர் மட்டுமே அறிவர். அவர் பேச முடியாதவர் என்பதை அந்தப் படம் யாருக்கும் சொல்லவில்லை; பேசாத முகத்தைக் காட்டி, பார்த்தவர் தம் மனத்திலிருந்த குரலை அதில் சேர்த்துக்கொள்ளும்படி விட்டது. ‘காவல்காரன்’ படத்தில் ஒட்டைக் காட்டியவரின் வாழ்க்கையில் ஒட்டுத் தெரியாத தொகுப்பு இதுதான். ஆனால் இதைத் தொகுத்தவர் அவரல்லர். தாம் நடித்த படங்களுள் இந்த ஒன்றில் மட்டும் அவருக்கு வெட்டவும் சேர்க்கவும் உரிமையில்லாமற் போயிற்று.

ஆண்டிபட்டியில் அவர் 30,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒளிநாடாவைப் பார்த்து ஏமாந்து மக்கள் வாக்களித்தார்கள் என்று நகரத்தில் எழுதியவர்கள் உண்டு. அது நம் மக்களுக்குச் செய்யும் அநீதி. 1982 ஜூலை முதல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்ததை வருசநாட்டு மலையடிவாரத்துத் தாய்மார்கள் படத்தில் பார்க்கவில்லை, நேரில் பார்த்தார்கள். இந்திராவின் மரணத்தால் எழுந்த அனுதாபமும் சேர்ந்தது. எனினும், பார்க்காத வேட்பாளரை, பேசாத வேட்பாளரை, தேர்ந்தெடுக்கப்பட்ட சில நிமிடக் காட்சிகளின் பேரில் நம்பும் பழக்கம் அன்று தொடங்கியது என்பதையும், அது நம் ஊரில் தொடங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1985 பிப்ரவரி 4 அன்று திரும்பி வந்தார். 10ஆம் நாள் மீண்டும் முதலமைச்சரானார். பேச்சுத் தெளிவு திரும்பவேயில்லை. கையசைவும் புன்னகையுமே பெரும்பாலும் பேச்சாயின. 1987 டிசம்பர் 24 அன்று காலமானார். ஆண்டிபட்டி அவருக்கு வாக்களித்து அன்றோடு சரியாக மூன்றாண்டுகள்.

அவருடைய சத்யா ஸ்டுடியோ இருந்த அடையாற்று மண்ணில் இப்போது பெண்கள் கல்லூரி இயங்குகிறது. படச்சுருளும் மூவியோலாவும் தொழிலிலிருந்து மறைந்தன. 1965இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் கணினியின் துணையால் கறை நீக்கி, நிறம் தெளிவித்து, ஒலி சீர்செய்து மறுபடி வெளியிடப்பட்டது. சென்னையில் நூறு நாட்களையும் கடந்து ஓடியது. 2021இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ அவ்வாறே வந்தது. கட்டம் கட்டமாகக் கீறலை அகற்றும் இளைஞர்களுக்கு அவர் ஆட்சி செய்த காலம் நினைவிருக்காது. ஆனால் அவருடைய உதட்டசைவை அவர்களைப் போல் கூர்ந்து பார்த்தவர்கள் வேறு எவருமிலர்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ குண்டுக்கு முந்திய குரல். அதைத் துலக்கலாம், துலக்கத் துலக்க நன்று. ‘காவல்காரன்’ அத்தகைய கைகளுக்குப் போகும் நாளில்தான் சிக்கல். இறந்தவரின் குரலைக் கணினியால் மறுபடி உருவாக்க முடிகிற காலம் இது. பழைய படங்களிலிருந்து முழுக்குரலை எடுத்து, குழறிய சொற்களின்மேல் பதித்து, ஒட்டே தெரியாமல் செய்துவிடலாம். நீக்கப்படுவது பதிவின் கீறலா, பேசியவரின் காயமா என்பதைக் கருவி கேட்காது. மேசையில் இருப்பவர்தாம் கேட்க வேண்டும். இரைச்சலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இரண்டாவது குரலை உள்ளபடியே விடுங்கள் என்று இம்மலரின் வழியாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.